பாதிச் சூளை

சிதறால் பக்கத்திலிருந்து அந்த மனிதர் ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வந்திருந்தார். அவர் வண்டிக்குப் பின்னால் இன்னும் நாலைந்து மாட்டு வண்டிகள். எல்லாமே காலி. ஏற்றுகிற ஓடு உடையாமலிருக்க வைக்கோல் மட்டும் தடிமனாகப் பரத்தியிருந்தது.

வைகாசி பிறந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். மேற்கே மலைக்கு மேலே கறுத்துக்கொண்டு வந்தது. காற்று நின்றுபோயிருந்தது. மாடுகள் மூச்சு விடுகிற சத்தம்கூட வீட்டுக்குள் கேட்டது.

கொட்டாரம் போகிற ரோட்டோரம், ஒரு குளக்கரையை ஒட்டி எங்கள் ஓட்டுக் கம்பெனி இருந்தது. என் வீட்டுக்காரர் பூதலிங்கமும் என் அண்ணன் நீலகண்டனும் சேர்ந்து நடத்தியது. எங்கள் வீடும் அந்த மதிலுக்குள்ளேயே. அடுக்களை ஜன்னலைத் திறந்தால் சூளைப் புகைக்கூண்டு தெரியும்.

"ஓடு கிட்டுமா மொதலாளி?" என்று அந்த மனிதர் கேட்டார்.

"ஆர்டர் குடுத்துட்டுப் போங்க. சூளை வச்சு மூணு வாரத்துல தாறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"மூணு வாரமா? வீட்டுக் கூரையைப் பிரிச்சுப் போட்டாச்சு. பழைய ஓடு பாதிக்கு மேல பொடிஞ்சு போச்சு. எங்க பக்கத்துக் கம்பெனியில ஒண்ணுகூட மிச்சமில்ல. இங்ஙன கிட்டும்னு சொன்னாவ. மகளுக்குக் கல்யாணம்."

"நான் என்ன செய்ய? ஆர்டர் இல்லாம நான் ஓடு சுடுகதில்ல."

அவர் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். பெருக்கிவிட்ட மாதிரி சுத்தமாகக் கிடந்தது. ஒரு ஓடு இல்லை. பிறகு 'ஓட்டுக் கம்பெனி' என்று வாசலில் தொங்குகிற போர்டைப் பார்த்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான் உப்புப் போட்டுக் கஞ்சித் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பித் தரும்போது, "மணமேடையில பொண்ணு நனைஞ்சுட்டுல்லா இருப்பா, பிள்ளே" என்றார். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு மறந்திருக்கும்.

வண்டிகள் திரும்பின. சாயங்காலத்துக்குள் மழை பிடித்துக்கொண்டது.

சிதறால் மலைமேல் பழைய சமணக் கோயில் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று என் மருமகன் எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டார். பாறையும் காற்றும் அவ்வளவு நன்றாக இருக்குமாம். நான் போகவில்லை. அந்தப் பக்கம் பஸ் ஏறினாலே எனக்கு அந்தப் பெண்தான் நினைவுக்கு வருவாள். நான் பார்த்தே இராத பெண்.

மண்ணுக்கு ஒரு காலம், மழைக்கு ஒரு காலம்

இந்தத் தொடரில் 'ஓட்டுக் கம்பெனி, ஓட்டுக் கம்பெனி' என்று அடிக்கடி எழுதுகிறீர்களே, ஓடு சுடுவதில் அப்படி என்ன பெரிய பாடு என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். சொல்கிறேன்.

நாஞ்சில் நாட்டில் குளம் வற்றுவது பங்குனி, சித்திரையில். ஓட்டுக்கான பசை மண்ணை அப்போதுதான் வெட்ட முடியும். ஆனால் ஜனங்கள் கூரை மாற்றுவதும் அதே சமயம்தான். மாசியில் கும்பப்பூ என்கிற இரண்டாம் போகத்தை அறுத்து நெல் வீட்டுக்கு வந்திருக்கும். வைகாசி மழைக்கு முன்னால் ஓடு போட்டுவிட வேண்டும் என்று அவசரப்படுவார்கள். அப்போது வெட்டுகிற மண்ணை ஊறவைத்து, மிதித்து, அச்சில் அழுத்தி, காயவைத்து, சுட்டு எடுப்பதற்குள் மழை வந்துவிடும். ஆகவே இந்த வருஷம் விற்கிற ஓட்டுக்குப் போன வருஷமே மண் வெட்டியிருக்க வேண்டும். அடுத்த வருஷம் யார் வீடு கட்டப் போகிறார்கள் என்று குளத்துக்குத் தெரியுமா? எங்களுக்கும் தெரியாது.

இன்னொரு சங்கடம். சூளையைப் பாதி வெறுமையாக வைத்துத் தீ மூட்ட முடியாது. நிறைந்த சூளைக்கு எவ்வளவு விறகோ அவ்வளவு விறகைக் பாதி காலியான சூளையும் தின்னும். ஒருத்தன் கொஞ்சம் ஓடு கேட்டான் என்பதற்காகச் சூளை வைக்க முடியாது. சேரும்வரை அவன் காத்திருக்க வேண்டும். காத்திருக்க அவனுக்கு மழை விட வேண்டும்.

பாசி பிடித்த வருஷம்

என் வீட்டுக்காரர் முதலிலிருந்தே அப்படி முற்றத்தைத் துடைத்து வைத்திருந்தவர் அல்ல. கம்பெனி தொடங்கின புதிதில் என் அண்ணன் பேச்சுதான் எடுபட்டது. சுதந்திரம் வந்த கையோடு ஊரெல்லாம் ஒரு பேச்சு. யுத்தம் முடிந்துவிட்டது, இனி எல்லாரும் வீடு கட்டப் போகிறார்கள் என்று. அண்ணன் அதை அப்படியே நம்பினான்.

"அத்தான், சாமான் கண்ணுல பட்டாத்தான் ஆளு கேக்கும். சுட்டு அடுக்குவோம். எல்லாம் போயிரும்" என்றான்.

கோடை முழுக்கச் சுட்டார்கள். முற்றம் நிறைந்து, மதிலோரம் நிறைந்து, என் துளசிமாடத்தைச் சுற்றியும் ஓடு. முந்தின ஐப்பசி மழை பிந்தியிருந்தது. மாசியில் கும்பப்பூ பாதி வயலில் பதராகப் போயிருந்தது. சாப்பாட்டுக்கே நெல் காணாதவன் எங்கே கூரை மாற்றுவான்? ஒரு வண்டி வரவில்லை. மழையில் நனைந்து நனைந்து அடுக்குகளெல்லாம் பச்சையாகப் பாசி பிடித்தது. இடுக்கில் சாரைப்பாம்பு குடியேறியது. துணி காயப்போடக்கூட நான் கையில் கம்போடு போவேன்.

சூளையை அணைத்தார்கள். அதோடு ஓடு சுமக்கிற பெண்களுக்கும் வேலை போயிற்று. அவர்களுக்கெல்லாம் மூத்தவள் செல்லத்தாயி. என்னைவிடப் பத்து வயது பெரியவள் இருப்பாள். நெற்றியில் நாமம் இட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர்கள் ஊர் நிழல்தாங்கலுக்குக் கும்பிடப் போகிற குடும்பம். அவள் புருஷன் தங்கையன் பனையேறி. தலையில் சும்மாடு வைத்து அவள் ஓட்டடுக்கோடு நடந்து வந்தால் ஒரு ஓடு இன்னொன்றில் உரசாது. அந்த வருஷம் ஆடி மாதம் எங்கள் மதிலோரம் முள் விறகு பொறுக்கிக்கொண்டு போனாள்.

"இவ்வளவு ஓடு கெடக்கு. வேல மட்டும் இல்லியாம்மா?" என்று என்னைக் கேட்டாள். ஓடு கிடப்பதால்தான் வேலை இல்லை என்பதை அவளுக்கு எப்படிச் சொல்ல?

அந்தப் பாசியைப் பார்த்துப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர் மறுபக்கம் சாய்ந்தார். கேட்டவனுக்கு மட்டும்தான் சூளை என்று ஆயிற்று. அடுத்த கோடையில் மண்கூடக் கொஞ்சமாகத்தான் வெட்டினார். அதற்குப் பிறகுதான் சிதறால்காரர் வந்ததும், காலி வண்டியோடு திரும்பினதும்.

மாவும் தோசையும்

சிதறால்காரர் போன மறுநாள் காலையில் அண்ணனும் எங்கள் வீட்டில்தான் இருந்தான். இருவருக்கும் இலை போட்டுத் தோசை சுட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். முந்தின நாள் இருவருக்கும் தொடங்கின சண்டை இலை முன்னாலும் நடந்தது.

"எனக்க பேச்சக் கேட்டிருந்தா அந்த ஆளுக்கு ஓடு குடுத்திருக்கலாம்" என்றான் அண்ணன்.

"உனக்க பேச்சக் கேட்டுத்தான் பாம்புக்கு வீடு கெட்டிக் குடுத்தோம்" என்றார் இவர்.

நான் பொதுவாக அவர்கள் பேச்சில் தலையிட மாட்டேன். அன்றைக்கு அந்தக் கஞ்சித் தண்ணீர்ச் செம்பு கண்ணிலேயே நின்றது.

"இந்த மாவை நான் யாரைக் கேட்டு ஆட்டினேன்?" என்றேன்.

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இன்னைக்கு யாரு சாப்பிட வருவான்னு தெரியாமத்தான் நேத்தே ஆட்டி வச்சேன். ஆனா நீங்க இலையில வந்து இருந்த பெறகுதான் கல்லுல ஊத்துதேன். மாவு மிஞ்சினா நாளைக்கு ஆகும். சுட்ட தோசை மிஞ்சினா மாட்டுக்குத்தான் போடணும். சுடாத பச்சை ஓட்டை நனைச்சா திரும்பவும் மண்ணுதானே. அதைச் செஞ்சு காயவச்சு நெறைய வையுங்க. சூளையில வைக்கதை மட்டும் யோசிச்சு வையுங்க."

"ஏட்டி, ஓடும் தோசையும் ஒண்ணா?" என்று இவர் சிரித்தார்.

அண்ணன் சிரிக்கவில்லை. கையை இலையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தான். அவனிடம் அந்த ஒரு நல்ல குணம் உண்டு. தோற்றுப்போனவனாக இருந்தாலும் காது திறந்திருக்கும்.

அப்படித்தான் அந்த ஏற்பாடு வந்தது. மண்ணை அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து ஒரு மதிப்பில் வெட்டிக் குவிப்பது. எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி வேண்டியிருக்கிற தட்டையோட்டை ஓய்ந்த நாளெல்லாம் அச்சில் அழுத்திக் காயவைத்து ஷெட்டில் அடுக்குவது. முகட்டு ஓடு, வெளிச்சத்துக்குக் கண்ணாடி வைக்கிற ஓடு இதெல்லாம் கேட்டால் மட்டும். கையில் வந்த ஆர்டர் பாதிச் சூளைக்குச் சேர்ந்தவுடன் தீ மூட்டிவிடுவது. மற்றப் பாதியில், இன்னும் கேட்காதவர்களுக்கு வேண்டிய தட்டையோட்டை வைத்து நிறைப்பது.

பாதி கேட்டவர்களுக்கு, பாதி கேட்கப் போகிறவர்களுக்கு. கேட்டவனும் ரொம்ப நாள் காத்திருக்க வேண்டாம், கேட்காமல் வண்டியோடு வந்தவனும் வெறுங்கையோடு போக வேண்டாம்.

கேட்கப் போகிறவர்கள் யார்?

மண்ணை எவ்வளவு வெட்டுவது, பச்சை ஓடு எவ்வளவு அடுக்குவது, கேட்காதவர் பாதியை எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது? இதற்கு அண்ணன் நாகர்கோவில் கடைத்தெருவில் போய் விசாரிப்பான். அங்கே உள்ள வியாபாரிகள் தங்களுக்கு எது லாபமோ அதைச் சொல்லுவார்கள். நான் விசாரித்தது எங்கள் முற்றத்தில்.

ஓடு சுமக்கிற பெண்கள் ஆளுக்கொரு ஊரிலிருந்து வருகிறவர்கள். மத்தியானம் கஞ்சி குடிக்க வேப்பமர நிழலில் உட்காரும்போது நானும் போய் உட்காருவேன். முதலில் அவர்கள் கூசினார்கள். பிறகு பழகிப்போயிற்று.

"எங்க ஊர்ல ரெண்டு பேரு கொழும்புல இருந்து வந்திருக்காவ. ஓலையப் பிரிச்சு ஓடு போடப் போறதா பேச்சு" என்பாள் ஒருத்தி.

"எங்க பக்கம் கதிரெல்லாம் புழு விழுந்து போச்சு. ஒருத்தரும் வர மாட்டாவ" என்பாள் இன்னொருத்தி.

செல்லத்தாயி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் பேசுவாள். "கொழும்புக்காரன் பேச்சை விடுங்கம்மா. அவன் மூணு வருஷமா இதையேதான் சொல்லுதான். அந்தக் கீழத்தெருக்காரன் கூரைக் கழிக்கோலுக்கு மரம் வாங்கி நனையாம மூடி வச்சிருக்கான். அவன் போடுவான்."

அவள் சொன்னதும் சில தடவை தப்பியிருக்கிறது. ஆனாலும் அந்த ஏற்பாடு ஓடின ஐந்தாறு வருஷமும் ஓடு பாசி பிடிக்கவில்லை, வண்டி காலியாகத் திரும்பவில்லை. பெண்களுக்கு ஆடியிலும் வேலை இருந்தது. கேட்ட ஓடு இல்லாவிட்டால் பச்சை ஓடு அடுக்குகிற வேலையாவது இருந்தது.

ஒரு திருவிழாவுக்கு நாலு பெரிய மனிதர்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். நான் பரிமாறிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் சொல்கிறார்: "தொழில்ல ஒரு வழி கண்டுபிடிச்சேன் பாத்துக்கிடுங்க. பாதி கேட்டவனுக்கு, பாதி கேக்கப் போறவனுக்கு." எல்லாரும் மெச்சினார்கள். அண்ணன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு இலையைப் பார்த்தான்.

அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. போனவர்களைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை.

பெரிய ஆர்டர்

திருவனந்தபுரத்திலிருந்து ஒரு காண்டிராக்டர் காரில் வந்தார். வெள்ளை ஜிப்பா, வாயில் வெற்றிலை. தென்பக்கத்துத் தாலுகாக்களில் நிறையக் கட்டடம் எடுத்திருப்பதாகவும், ஒரு வருஷத்துக்கு எங்கள் கம்பெனியில் சுடுகிற அத்தனை ஓடும் தனக்கே வேண்டும் என்றும் சொன்னார். மாதிரிக்கு ஒரு ஓடு கொண்டுவந்திருந்தார். அது நம் பக்கத்து ஓட்டைவிட நீளம். புது அச்சு வார்க்க வேண்டும்.

அவர் போன பிறகு இவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

"இனி மரத்தடியில இருந்து குறி கேக்க வேண்டாம். சூளை முழுக்க ஆர்டர்" என்றார்.

"கேக்கப் போறவங்களுக்கு?"

"அவங்க கேக்கும்போது பாப்போம்."

"ஒத்த ஆளு கேக்கதும் ஊகம்தானே. அவரு வந்து எடுப்பாருன்னு நாம நெனைக்கோம், அவ்வளவுதான். நம்ம அளவு ஓட்டுக்குக் கால்சூளையாவது வையுங்க. நீள ஓடு மிஞ்சினா யாரு வாங்குவா?"

"கையெழுத்துப் போட்டுருக்காருடி."

"கையெழுத்து வண்டி கொண்டு வருமா?"

இவர் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அண்ணனிடம் சொன்னேன். அவனுக்கும் அந்தக் காரும் ஜிப்பாவும் கண்ணை மறைத்துவிட்டது. "ஒரு வருஷம்தானே மக்கா, பொறுத்துக்கோ" என்றான்.

ஷெட்டில் காய்ந்திருந்த எங்கள் அளவுப் பச்சை ஓட்டையெல்லாம் உடைத்து நனைத்து மறுபடி மண்ணாக்கினார்கள். நான் சொல்லிக்கொடுத்த வசதி அதற்குத்தான் பயன்பட்டது. அந்த மண்ணையே நீள அச்சில் அழுத்தினார்கள். அந்தக் கோடையில் வண்டியோடு வந்தவர்களையெல்லாம், "பெரிய ஆர்டர் ஓடுது, அடுத்த வருஷம் பாப்போம்" என்று திருப்பி அனுப்பினார்கள்.

செல்லத்தாயியும் கேட்டவர்களில் ஒருத்தி. அவள் வீடு பனையோலைக் கூரை. அந்த வருஷம் ஓடு போட்டுத்தருவதாக அண்ணன் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அதை நம்பி அவளும் தங்கையனும் பழைய கழிக்கோலை மாற்றி, ஓடு தொற்றி நிற்கிற ரீப்பர் சட்டத்தையும் எங்கள் ஓட்டு அளவுக்கு அடித்து வைத்திருந்தார்கள். ஓடுதான் வரப்போகிறதே என்று அந்தக் கோடையில் புது ஓலை முடையவில்லை. பழைய ஓலையையே மேலே பரத்திக் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

"பெரிய ஆர்டர் முடியட்டும் செல்லத்தாயி. மொதல் சூளை உனக்குத்தான்" என்றான் அண்ணன்.

"செரி மொதலாளி" என்றாள். அவள் வேறென்ன சொல்ல முடியும்?

லாரி வராத ஐப்பசி

காண்டிராக்டரின் லாரி இரண்டு தடவை வந்தது. பிறகு வரவில்லை. அப்போது திருவனந்தபுரத்தின் கீழ் இருந்த இந்த நாலு தாலுகாவும் மதராஸ் பக்கம் சேரப்போகிறது என்று பேச்சு பலத்துவிட்டது. வேறு ராஜ்யத்துக்குப் போகப்போகிற ஊரில் யார் கட்டடம் கட்டுவார்கள்? அண்ணன் திருவனந்தபுரத்துக்கு நடையாய் நடந்தான். ஒரு தடவை காண்டிராக்டர் ஊரில் இல்லை. மறு தடவை பூஜையில் இருந்தார். மூன்றாவது தடவை, "கொஞ்சம் க்ஷமிக்கணும், எடுத்துக்கறேன்" என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

நீள ஓடு முற்றத்தை நிறைத்தது. மதிலோரம் நிறைத்தது. துளசிமாடத்தடிக்கும் வந்துவிட்டது.

அந்த ஐப்பசியில் மழையோடு காற்றும் சேர்ந்து அடித்தது. எங்கள் பக்கத்தில் எத்தனையோ கூரை போயிற்று. விடிந்ததும் எங்கள் வாசலில் ஆள்கள். சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, நனைந்து நடுங்கிக்கொண்டு. ஒருவர் அடுக்கிலிருந்து ஒரு ஓட்டை எடுத்துக் கையில் கொண்டுவந்திருந்த அளவுக்கோலை வைத்துப் பார்த்தார். "இது எங்க ரீப்பர்ல தொத்தாது" என்று பத்திரமாகத் திரும்ப வைத்தார். அவர் வைத்ததைப் பார்த்து மற்றவர்களும் கலைந்தார்கள்.

செல்லத்தாயி மட்டும் போகவில்லை.

"எனக்கு எந்த அளவானா என்னம்மா. ரீப்பரைப் பிடுங்கி அகலமா அடிச்சுக்கிடுதோம். ஓலையெல்லாம் காத்துல போச்சு, செவரு நனைஞ்சுட்டு நிக்கு. மண்செவரு."

இவர் வெளியே போயிருந்தார். அண்ணன் இருந்தான். "அண்ணா, குடு" என்றேன்.

"அத்தான் வரட்டும்" என்றான்.

நான் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. வண்டியைப் பூட்டச் சொன்னேன். நானும் செல்லத்தாயியும் இன்னும் இரண்டு பெண்களும் மழையிலேயே ஏற்றினோம். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தக் கம்பெனியில் ஒரு ஓட்டை நான் கையால் எடுத்தது அன்றைக்குத்தான். வண்டி வாசலைத் தாண்டுவதற்குள் இவர் வந்துவிட்டார்.

"என்னது?"

"செல்லத்தாயி வீட்டுக்கு."

"அது ஆர்டர் சாமான்."

"அந்த ஆளு வர மாட்டாரு. உங்களுக்கும் தெரியும்."

"நாளைக்கே லாரி வந்து நின்னா, கணக்குல ஓடு கொறையுதுன்னு ஒட்டுமொத்தமா வேண்டாம்னு சொல்லிருவான். அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கான். எறக்கு."

"எறக்க மாட்டேன்."

"எறக்குன்னு சொன்னேன்."

வேலைக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அண்ணன் குடையோடு ஷெட் ஓரத்தில் நிற்கிறான். அவன் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். பாதிப் பங்கு அவனுடையது.

செல்லத்தாயிதான் என் கையைக் கயிற்றிலிருந்து பிரித்தாள். "நான் எறக்கிருதேம்மா. எனக்காண்டி நீங்க சண்ட போடாதீங்க" என்றாள். இறக்கினாள். ஒரு ஓடுகூட உடையாமல், எடுத்த இடத்திலேயே அடுக்கினாள்.

அதற்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அவர்கள் வீட்டு மேல்சுவர் கரைந்து விழுந்தது. கூரையில்லாத மண்சுவர் எத்தனை மழை தாங்கும்? மூலையில் சாக்கு விரித்துப் படுத்திருந்த தங்கையன் காலில் விழுந்தது. வைத்தியர் கட்டுப் போட்டார். எலும்பு கூடியது, கோணலாக. அவன் அதற்குப் பிறகு பனையேறவில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

இவரிடம் நான் அதைச் சொன்னேன். "காத்தும் மழையும் நானா கொண்டு வந்தேன்?" என்றார். அன்றிலிருந்து ரொம்ப காலம், பரிமாறுவதற்கு வேண்டிய வார்த்தைகளுக்கு மேல் நான் அவரிடம் பேசினதில்லை.

வெடிச் சத்தம்

அடுத்த ஐப்பசியில் எல்லை மாறியது. நாகர்கோவிலில் ஊர்வலம், வெடி, மேளம். தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டோம் என்று ஜனங்கள் மிட்டாய் கொடுத்தார்கள். சந்தோஷம் நியாயமானது. அதற்காக எத்தனையோ பேர் பாடுபட்டிருந்தார்கள். எனக்கும் ஒருத்தி மிட்டாய் கொண்டுவந்து தந்தாள், வாயில் போட்டுக்கொண்டேன்.

அண்ணன் கடைசியாக ஒரு தடவை திருவனந்தபுரம் போய்வந்தான். "அது இப்போ வேற ராஜ்யமல்லவா, எனக்கு அங்கே வேலை இல்லை" என்று காண்டிராக்டர் சொல்லிவிட்டார். இந்தத் தடவை காப்பியும் இல்லை.

இதற்குள் எங்கள் பழைய வாடிக்கைக்காரர்கள் வேறு கம்பெனிகளைப் பிடித்துவிட்டார்கள். ஒரு வருஷம் திருப்பி அனுப்பினவனிடம் மறுபடி யார் வருவார்கள்? குளத்து மண்ணும் கொஞ்சம்தான் இருந்தது. எல்லாம் நீள ஓடாக முற்றத்தில் நின்றது.

ஒரு கல்யாண வீட்டில் வைத்து என் வீட்டுக்காரர் என் சித்தப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "பாதிச் சூளை பாதிச் சூளைன்னு இவ பிடிச்ச பிடியிலதான் நானும் கெட்டேன். அந்தப் பாதியையெல்லாம் தீர்த்துட்டு ஆர்டரைத் தொடங்கவே நாளாயிட்டு. ஆரம்பத்துலயே முழுச் சூளையா வச்சிருந்தா, எல்லை மாறுகதுக்கு முன்னால அவன் எடுத்துட்டுப் போயிருப்பான்."

அதுவரைக்கும் பாதிச் சூளை அவர் கண்டுபிடித்தது. அன்றைக்குத்தான் அது எனக்குச் சொந்தமாயிற்று. நான் தாம்பூலத் தட்டை வைத்துவிட்டுப் பந்தலுக்கு வெளியே போய் நின்றேன்.

சுர்க்கி

ஒரு பாலம் கட்டுகிறவர் வந்தார். சுண்ணாம்போடு சேர்த்து அரைக்கிற சுர்க்கிப் பொடிக்குச் சுட்ட மண் வேண்டும் என்றார். ஓடாக வேண்டாம், அடித்து நொறுக்கித் தந்தால் அள்ளிக்கொள்வதாகச் சொன்னார். இவர் முற்றத்தைப் பார்த்தார். சரி என்றார்.

நொறுக்குவதற்கு ஆள் வேண்டும். ஓடு சுமந்த பெண்களையே கூப்பிட்டுவிட்டார்கள். சுமப்பதற்கு வேறு ஒன்றும் இல்லாமல் வீட்டில் இருந்தவர்கள், வந்தார்கள். முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு கல், ஆளுக்கொரு சுத்தியல். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தச் சத்தம்தான். சிவப்புத் தூசி பறந்து அடுக்களைப் பாத்திரத்திலெல்லாம் படிந்தது. நான் ஜன்னலைச் சாத்தவில்லை.

இரண்டாம் நாள் செல்லத்தாயியும் வந்திருந்தாள். அவளைக் கூப்பிட வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். தங்கையன் வீட்டில் இருக்கும்போது அவள் வராமல் என்ன செய்வாள்? முகத்தில் முந்தானையைச் சுற்றிக்கட்டிக்கொண்டு, மற்றவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி, துளசிமாடத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு ஓடாக எடுப்பாள், கல்லில் சாய்த்து வைப்பாள், அடிப்பாள்.

மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டுச் செம்பைத் தந்தாள். நான் அங்கேயே நின்றேன். அவள் இன்னொரு ஓட்டை எடுத்து விரல் நகத்தால் தட்டிப் பார்த்தாள். வெண்கலம் மாதிரி கேட்டது. சுத்தியலை ஓங்கி அடித்தாள். உடையவில்லை. இன்னொரு தடவை அடித்தாள். முனை மட்டும் சிதறியது.

"நல்ல சூடு கண்ட ஓடும்மா" என்றாள், முந்தானைக்குள்ளிருந்து. "லேசுல உடைய மாட்டேங்கு."